முப்பதடிப் பட்டறையில் ஒரு விமானம்

எங்கள் தறிப்பட்டறையின் நீளம் முப்பது அடி, அகலம் பதினான்கு. விமானத்தின் ஒரு இறக்கை பதின்மூன்று அடி. அப்படி இரண்டு. உடல் பகுதி வாலோடு சேர்த்து இருபது அடிக்குச் சற்றுக் குறைவு. காலையில் பல் தேய்க்கும்போதே இந்த எண்கள் வந்து வரிசையாக நிற்கும். நான்கு வருடம் எனக்கு இப்படித்தான் விடிந்தது.

விமானம் கட்டும் ஆசை என்னுடையது அல்ல, என் கணவருடையது. அவர் ரிக் மெக்கானிக். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டிகளோடு ஊர் ஊராகப் போகிறவர்களில் ஒருவர். கல்யாணமான புதிதில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய்க்கொண்டிருந்தவர், பிறகு ஏழு வருடம் ஆப்பிரிக்காவில் இருந்தார். அங்கே ரோடு இல்லாத இடங்களுக்கு, உதிரிப் பாகங்களை மடியில் வைத்துக்கொண்டு, நாலு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் போவாராம். அதில் ஒன்றை அதை ஓட்டுகிறவரே தன் வீட்டுக் கொட்டகையில் கட்டியிருந்தார் என்று தெரிந்த நாளிலிருந்து இவருக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த விமானத்தில் ஒரு தடவை நடுவழியில் இன்ஜின் நின்றுபோயிருக்கிறது. மக்காச்சோளக் காட்டில் இறக்கியிருக்கிறார்கள். இவர் அதைக் கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். "சோளத்தட்டு மேல மெத்தையாட்ட எறங்கிச்சுங்க. கதவத் தொறந்து நடந்தே போயிட்டம்." கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நான் பந்திக்கு இலை போடப் போகிறவள் மாதிரி எழுந்து போய்விடுவேன்.

ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் காகிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இரண்டு பேர் உட்காரும் விமானத்தைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அனுப்புகிறது. அலுமினியத் தகடுகள் வெட்டி, ஓட்டை போட்டு வரும். ஓரம் தேய்த்து, பொருத்தி, ஆயிரக்கணக்கில் ரிவிட் ஆணி அடித்துச் சேர்ப்பது நம் வேலை. தில்லியில் அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் மூடுவதற்கு முன்னால் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். எல்லாம் முறைப்படி செய்யலாம் என்று எடுத்துச் சொன்னார்.

"எங்க வெச்சுக் கட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம பட்டறையிலதான். தறி வித்ததுலருந்து சும்மாதான கெடக்குது."

"அத்தன பெரிசு அதுக்குள்ள எப்படிங்க?"

"அதுக்குத்தான் நீ இருக்கறியே. எது முன்னால, எது பின்னாலன்னு நீதான் போட்டுக் குடுக்கோணும். உன்ற வேலையே அதுதான புள்ள?"

அது உண்மைதான். சங்ககிரியில் ஒரு பார்சல் ஆபீஸில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு லாரியில் நாற்பது பேருடைய சரக்கு ஏறும். எது கடைசியில் இறங்குமோ அது முதலில் ஏற வேண்டும். கண்ணாடிமேல் இரும்பு போகக்கூடாது. தார்ப்பாய் கட்டும் உயரத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும். டிரைவர்கள் என் சீட்டைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். ஒருவர்கூட வழியில் சரக்கை இறக்கி மறுபடி ஏற்றியதாகப் புகார் வந்ததில்லை.

ஆக, மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

கிராஃப் பேப்பர் வாங்கி வந்து ஒட்டி, ஓரடிக்கு அரை அங்குலம் என்ற அளவில் பட்டறையை வரைந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி இறக்கை, உடல், வால், மேசை, கம்ப்ரஸர் எல்லாம் செய்தேன். மாலையில் ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த அட்டைகளை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் வால். சின்னது, கெட்டுப்போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம், கை பழகும். முடிந்ததும் அதைக் கூரைச் சட்டத்தில் தொங்கவிட்டால் தரையில் இடம் அடைக்காது. அடுத்து இறக்கைகள், ஒன்றன்பின் ஒன்றாக. முடிந்தவற்றை ஒரு மரத்தாங்கியில் ஓரமாகச் செருகி நிறுத்தலாம். கடைசியில் உடல். சக்கரத்தை மாட்டிவிட்டால் அகலம் கூடி ஷட்டரில் இடிக்கும். அதனால் சக்கரமும் இன்ஜினும் பட்டறைக்கு வெளியில்தான்.

இதுவரை நியாயமான கணக்கு. இறக்கைத் தாங்கிக்கு அட்டை வெட்டும்போதுதான் நான் அதைச் செய்தேன். இரண்டு இறக்கையும் நிற்க இரண்டே முக்கால் அடி அகலம் போதும் என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் படமே இருந்தது. நான் நாலரை அடிக்கு வெட்டினேன். கை தவறி அல்ல, தெரிந்தேதான் வெட்டினேன். நாலரை அடி போய்விட்டால் உடல் பகுதிக்கு மேசை போட இடம் இருக்காது. இரண்டு இறக்கையும் முழுதாக முடிந்து, இவருடைய பெரியப்பா மகனின் குடோனுக்குப் போன பிறகுதான் உடல் பெட்டியையே வரவழைக்க முடியும். அந்தக் குடோனோ வாடகைக்கு விட்டிருந்தது. காலியாக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

ஒரு வருடம் தள்ளிப்போனால் இவருக்கு ஆசை ஆறிவிடும், வயசும் ஏறும், ஏதாவது ஒன்று குறுக்கே வரும் என்று நினைத்தேன். படத்தைக் காட்டினேன். இவர் ஒவ்வொரு அட்டையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இடமில்லீன்னா இல்லதான். செரி, மெதுவாவே போலாம்" என்றார். அதன் மேல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் என்னை ரொம்ப நாள் அறுத்தது.

பெட்டிகள் வந்தன. வேலை ஆரம்பித்தது. ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, உள்பக்கம் ஒருவர் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்க வேண்டும். என் கை சின்னது என்பதால் உள்பக்கம் எப்போதும் நான்தான். இறக்கையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோள்வரை கையை நுழைத்து, தகட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "ம்" என்பேன். அவர் அடிப்பார். எத்தனையாவது வரிசை, எந்த ரிவிட்டைப் பிடுங்கி மறுபடி அடித்தோம் என்று நோட்டில் எழுதுவதும் என் வேலை. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது என்பதையும் சொல்ல வேண்டும். இவர் ஏழு வருடம் எங்கோ இருந்தார். இப்போது ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

இரண்டாவது இறக்கை பாதியில் நின்றபோது சத்தீஸ்கரில் ஒரு ரிக்கின் கம்ப்ரஸர் உடைந்துவிட்டது என்று இவரைக் கூப்பிட்டார்கள். பத்து நாள் என்று போனவர் ஆறு வாரம் ஆகும் என்றார். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலோ, இட்லி மாவுக்குக் கீழ்த் தட்டில், கறுப்புப் பசை டப்பாக்கள் இருந்தன. பெட்ரோல் டேங்க் இறக்கைக்குள்ளேயே வருகிறது. அதன் மூட்டுகளுக்கெல்லாம் அந்தப் பசைதான் பூச வேண்டும். டப்பாவில் போட்டிருந்த தேதிக்கு இருபத்தெட்டு நாள்தான் பாக்கி. மறுபடி வரவழைத்தால் நாலைந்து மாதம்.

கெட்டுப்போகட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்கு வேண்டியதே தாமதம்தானே. இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இவரை எனக்குத் தெரியும். வந்து பார்த்துவிட்டு, "பத்து நாள்தான தாண்டியிருக்குது, ஒண்ணும் ஆவாது" என்று அதையே எடுத்துப் பூசிவிடுவார். ரிக்கில் அப்படிப் பழகியவர். பறக்கும்போது அந்த மூட்டில் பெட்ரோல் கசிவதை நினைத்துப் பார்த்தேன். ஒன்று அந்த டப்பாக்களைத் தூக்கிப் போட வேண்டும், இல்லை தேதிக்குள் நானே பூச வேண்டும். தூக்கிப்போடக் கை வரவில்லை.

என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். இவருடைய தங்கை. இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். என்னைவிட ஆறு வயது இளையவள், வாய் அதிகம், கை அதைவிடச் சுத்தம்.

பசைக் குறிப்பை நான் படிக்கப் படிக்கக் கேட்டுவிட்டு, "இது ஐசிங்காட்டத்தான நங்கே" என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். "கோன் போட்டுப் பிழிஞ்சா ஒரே சீரா வரும். நாங்கொண்டாரேன்."

"இது தப்பாப் போனா உங்கண்ணன்…"

"நீங்க மொதல்ல கையுறையப் போடுங்க."

சித்திரை வெயில். குறிப்பில் இரண்டு மணிநேரம் வேலை செய்யலாம் என்று போட்டிருந்தது, குளிர் நாட்டுக் கணக்கு. எங்கள் பட்டறையில் அரைமணியில் பசை நூல் நூலாக இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒரு தடவைக்கு ஒரு சின்னக் கிண்ணம் மட்டும் கலப்பது. இன்னொரு தொந்தரவும் இருந்தது. பக்கத்துப் பட்டறையில் தறி ஓடுகிறது. பஞ்சுத்தூசி சன்னல் வழியே வந்துகொண்டே இருக்கும். பசையில் ஒரு இழை ஒட்டினாலும் அது வழியாகக் கசியும் என்று எனக்குப் பயம். பழைய சேலைகளை நனைத்துச் சன்னலுக்கெல்லாம் கட்டினோம். காற்றாடி போடவில்லை. வேர்வை சொட்டாமல் இருக்க நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு, அவள் கோனைப் பிழிய, நான் ரிவிட் வைக்க, பிறகு இருவருமாக அடிக்க, பதினோரு காலை வேலை செய்தோம். கையுறைக்குள்ளும் பசை புகுந்து நகக்கண் எல்லாம் கறுத்தது. ஆபீஸில் தார் போடும் வேலைக்குப் போகிறாயா என்று கேட்டார்கள்.

டேங்க் கசிகிறதா என்று பார்க்க வழி எளிது. எல்லா வாயையும் அடைத்துவிட்டு, ஒரு வாயில் பலூனை மாட்டி, லேசாகக் காற்றடித்துவிட வேண்டும். பலூன் சுருங்காமல் இருந்தால் டேங்க் நல்லது. காலை ஒன்பது மணிக்கு மாட்டினோம். மத்தியானம் வந்து பார்த்தபோது பலூன் பூசணிக்காய் அளவுக்கு உப்பியிருந்தது. பொழுது சாய்ந்ததும் தொங்கிவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் போச்சு அம்முணி."

அவள் பலூனைச் சுற்றி வந்தாள். "சூட்டுக்கு உப்பறதுதான? ஓவன்ல வெச்சா கேக் எந்திரிக்குது, வெளிய எடுத்தா உக்காந்துக்குது. நாளைக்கு இதே நேரத்துக்குப் பாருங்க. அது எறங்கியிருந்தா அழுங்க."

பலூனைச் சுற்றி நூலால் அளந்து முடிச்சுப் போட்டு, நேரத்தையும் பட்டறைச் சூட்டையும் எழுதினேன். மறுநாள் அதே நேரம் அளந்தபோது விரற்கடை குறைவாக இருந்தது. குறைந்தது உண்மைதான். சோப்புத் தண்ணீரை எல்லா ரிவிட்டிலும் தடவினோம். பின்பக்க மூலையில் ஒரே ஒரு ரிவிட்டில் கடுகளவு குமிழ் வந்து வந்து உடைந்தது. அதைச் சுற்றி மறுபடி பூசி, உலரவிட்டு, மறுபடி பலூன் மாட்டினோம். இந்தத் தடவை மூன்று நாளும் நூல் அதே முடிச்சில் வந்து நின்றது. மூன்றாம் நாள் அவள் ஒரு கேக் கொண்டுவந்தாள். பட்டறை வாசலில் நின்றே தின்றோம்.

இவர் வந்து பார்த்தார். டேங்க்கின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். "நானே பூசியிருந்தாலும் இத்தன சுத்தமா வந்திருக்காது" என்றார். நோட்டில் நான் எழுதியிருந்த நூல் அளவு, சூட்டுக் கணக்கு எல்லாவற்றையும் படித்தார். "ஒரு புள்ளிகூட உடலயே" என்று சொல்லி மூடி வைத்தார். எனக்கு அந்தப் பாராட்டு உடம்பில் சேரவில்லை.

இறக்கைகள் முடியும் தறுவாயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இவர் மரத்தாங்கியைச் செய்ய உட்கார்ந்தார். நான் சமையலறையில் இருந்தேன். பட்டறையில் ரம்பச் சத்தம் கேட்டது. பிறகு ஆணி அடிக்கும் சத்தம். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

தாங்கியில் இரண்டு இறக்கையும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தன. இவர் கையில் டேப்பும், என் கிராஃப் பேப்பரும். பக்கத்தில், நான் தாங்கிக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில், ஒன்றே முக்கால் அடி அகலத்துக்கு வெறும் தரை.

"ஏம்புள்ள, இதுல நாலரைன்னு போட்டிருக்க. ரெண்டே முக்காதான வருது."

நான் அவர் கையிலிருந்த கிராஃப் பேப்பரை வாங்கிக்கொண்டேன்.

"புஸ்தகத்துலயும் ரெண்டே முக்காதான் இருக்குது. இப்பத்தான் பாத்தேன். நீ பாக்காம உட்டிருக்க மாட்ட."

"பாத்தனுங்க."

"அப்பறம்?"

"நீங்க பறக்க வேண்டாம்னு இருந்துச்சு."

அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. டேப்பைச் சுருக்கினார். அது உள்ளே போகும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியில் போய் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். மூன்று நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் பட்டறைப் படியில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"பயம்னா பயம்னு சொல்லியிருக்கோணும். இடமில்லீன்னு ஏஞ்சொன்ன?"

"பயம்னு சொன்னா சிரிப்பீங்க. அந்தச் சோளக்காட்டுக் கதைய எத்தன தடவ சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லியிருக்கறீங்க."

"அன்னிக்கு எறங்குனப்பறம் எனக்கு நிக்கவே முடியல" என்றார். "டவுசரெல்லாம் நனஞ்சுபோச்சு. அத எப்படிக் கல்யாண ஊட்டுல சொல்றது?"

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அதை அப்போதுதான் கேட்கிறேன்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. "நா உன்ற நோட்ட நம்பித்தான் ஒவ்வொரு ரிவிட்டும் அடிக்கறேன். ஒரு எடத்துல பொய் இருந்தா மத்ததெல்லாம் என்னன்னு பாக்கறது? வேண்டாம்னா இப்பச் சொல்லு, பெட்டியோட வித்தரலாம். கட்டறதுன்னா அந்த நோட்டுல பொய் இருக்கக்கூடாது."

அவர் விற்றுவிடுவதாகச் சொன்னது வெறும் பேச்சல்ல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விற்றிருப்பார். இதற்குத்தானே இரண்டு வருடமாக அட்டை நகர்த்தினேன்? ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த டேங்க்கை நான் செய்தேன் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். "எல்லாத்தையும் மறுபடி அளக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த இரண்டு வாரம் பட்டறையின் ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்தோம். அவர் டேப்பைப் பிடிக்க, நான் எழுத. ஒரு நாள் ஷட்டருக்கு வெளியே வந்து வாசலையும் அளந்தோம். அப்போதுதான் தப்பு கண்ணில் பட்டது. ஷட்டர் அகலம் எட்டடி, உடலின் அகலத்துக்கு அது தாராளம். ஆனால் அதன் நீளத்துக்கு வெளியில் இடம் வேண்டுமே. ஷட்டருக்கு எதிரே பக்கத்துப் பட்டறையின் சுவர் பதினாறு அடியில் நிற்கிறது. இருபதடி உடல் நேராக வெளியே வரவும் முடியாது, உள்ளேயிருந்தபடி திரும்பவும் முடியாது. அட்டைகளைப் பட்டறைக்குள் மட்டும்தான் நகர்த்தியிருந்தேன், வாசலை நான் வரையவே இல்லை. பொய் அளவுக்காக அத்தனை பயந்தவள், உண்மையான தப்பைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். பதினெட்டு வருடம் லாரிக்குச் சீட்டுப் போட்டவளுக்கு, சரக்கு இறங்கும் இடம் தெரியவில்லை.

இவர் திட்டவில்லை. பட்டறையைச் சுற்றி நடந்துபோய்ப் பின்சுவரைத் தட்டினார். "இத ஒடைக்கலாம்" என்றார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் வரப்பு, அதைத் தாண்டி ஒரு கவுண்டருடைய மரவள்ளிக் காடு, காட்டுக்கு மறுகோடியில் தார் ரோடு. அவரைத் தேடிப் போனோம். சொல்லி முடித்ததும் அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஏரோப்பிளேனுங்களா?"

"ஆமாங்க."

"எங்காட்டு வழியா?"

"தூக்கீட்டுப் போயிருவமுங்க. ஒரு நாள்தான்."

"தூக்கீட்டுப் போங்க, நா வேண்டாங்கல. ஆனா இப்பத்தான் குச்சி நட்டிருக்கறேன். கெழங்கு பிடுங்க மாசி ஆயிரும். பிடுங்கி ஒரு பத்து நாள் சும்மா கெடக்கும். அப்பறம் ஓட்டி மறுபடி நட்டுருவேன். அந்தப் பத்து நாளைக்குள்ள வந்துருங்க. தாண்டுனா அடுத்த மாசிதான்."

எங்கள் அட்டவணைக்கு அன்றுதான் ஒரு கடைசித் தேதி வந்தது. உடல் பெட்டியை வரவழைத்தோம். அது வந்து சேரவே ஆவணி ஆகிவிட்டது. இழுத்தடிப்பதற்காகத் திட்டம் போட்டவள் இப்போது மாசிக்குப் பின்னாலிருந்து நாள்களை எண்ணி எண்ணி அடுக்கினேன். அடித்தளம், பக்கச் சுவர்கள், ஆய்வாளர் வந்து பார்ப்பது, மூடுவது. ஆய்வாளர் ஒரு தடவை சொன்ன நாளுக்கு வர முடியாமல் மூன்று வாரம் தள்ளியது. அந்த மூன்று வாரமும் நான் மொட்டை மாடியில் ஏறி மரவள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் உயரம் வளர்ந்து, என்னைத் தாண்டி, இலை பழுக்க ஆரம்பித்தது. மழை நன்றாகப் பெய்தால் சீக்கிரம் பிடுங்கிவிடுவாரோ என்று மழையைக்கூடப் பயந்தேன்.

கவுண்டர் ஆள் வைத்துக் கிழங்கு பிடுங்கிய மறுநாள் பின்சுவரை இடித்தோம். உடல் பகுதிக்குச் சக்கரம் இல்லை என்பதால் தூக்கித்தான் ஆக வேண்டும். பக்கத்துப் பட்டறையில் தறி ஓட்டுகிற எட்டுப் பேர் அடுத்த நாள் விடிகாலை, இரவு ஷிப்டு முடிந்ததும் வந்தார்கள். எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்று உடலில் மஞ்சள் பேப்பர் ஒட்டியிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தும், கிழங்கு பிடுங்கிய மண் பொதபொதவென்று கால் புதைந்தது. நடுக்காட்டில் ஒருவர் குழியில் கால் வைத்துச் சாய்ந்தார். வால் ஒரு சாண் இறங்கியது. "நில்லுங்க!" என்று நான் கத்திய கத்தலில் ரோட்டில் போன பஸ்ஸே நின்றது. எல்லோரும் அப்படியே சிலையாக நின்றார்கள். நான் மண்ணில் படுத்து அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தேன். தகட்டில் கீறல்கூட இல்லை. கவுண்டர் வரப்பில் நின்றபடி, "பாத்துங்க சாமி, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரோட்டுக்குப் போய் டிரெய்லரில் மெத்தைகள்மேல் வைத்துக் கட்டி முடித்தபோது மணி ஒன்பதரை. என் சேலையில் முழங்கால்வரை செம்மண். அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சமெல்லாம் பக்கத்து மாநில எல்லையோரம் உள்ள ஒரு சின்ன ஓடுதளத்துக் கொட்டகையில் நடந்தது. அங்கே இடம் தாராளம். சக்கரம், இன்ஜின், இறக்கை எல்லாம் சேர்ந்து, காகிதங்கள் எல்லாம் வந்து சேர மேலும் ஒரு வருடம் ஆனது. முதலில் ஓட்டியது இவர் அல்ல. விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தனியாக எடுத்துப் போனார். கிளம்புவதற்கு முன் என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கேட்டு வாங்கிப் படித்தார். கிராஃப் பேப்பரை ஒட்டி, தாங்கியின் அளவை நான் அடித்துத் திருத்தி, தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த பக்கத்தில் நிறுத்தி, "இது என்ன?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார்.

விமானம் தரையை விட்டபோது நான் பார்த்தேனா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பார்த்தேன். பக்கத்தில் நின்ற இவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் இரண்டு வளையல் நசுங்கியது. இருபது நிமிடம் அது மேலே சுற்றியது. அது இறங்கி, ஓடி, நின்ற பிறகு இவர் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

சோதனைக்கென்று குறித்த மணிநேரங்களைப் பெரியவர் ஓட்டி முடித்தார். இவரும் முறையாகப் படித்து, டாக்டரிடம் சான்று வாங்கி, உரிமம் எடுத்தார். இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு ஓடுதளத்துக்குப் போகிறோம். என் நாத்தனார்தான் முதலில் ஏறினாள். இறங்கியதும், "ஏரியெல்லாம் ஒடஞ்ச கண்ணாடியாட்டக் கெடக்குதுங்க நங்கே. ஆனா அண்ணன் ஒரு வார்த்த பேசல, எனக்குத்தான் வாய் வலிச்சுப்போச்சு" என்றாள்.

நான் இன்னும் ஏறவில்லை. கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை நான் படிப்பேன், அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்பார். போன ஞாயிறு பட்டியல் முடிந்ததும், "வாரியா?" என்று கேட்டார்.

"பயமா இருக்குதுங்க" என்றேன்.

"செரி" என்றார். "அடுத்த தடவ கேக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் கொட்டகை நிழலுக்குத் திரும்பி வந்து, நாற்காலியை ஓடுதளத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.